வெயில் படாத நிறம்

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

போனில் கூப்பிட்டால் நீ மாமாவிடம் கொடுத்துவிடுகிறாய். பேசும்போது சொல் தொண்டையில் மாட்டிக்கொள்கிறது, அதில் உனக்குக் கோபம் வருகிறது என்று அவர் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மேடம் உன்னைத் தினமும் எதையாவது கையால் எழுதச் சொல்லியிருக்கிறார்களாமே. யாருக்கும் அனுப்பாமல் எழுதுவதைவிட எனக்கு எழுது. நேரில் பேசினால் என்னாலும் பாதிதான் சொல்ல முடியும் என்பது உனக்குத் தெரியும்.

இங்கே ஒரு சமாச்சாரம். போன வாரம் எங்கள் பட்டறைக்கு ஒரு பழைய காரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஒரு பல் டாக்டர் வாங்கியிருக்கிறார். நம்பர் பலகையைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவின் கருப்பு வெள்ளை போட்டோவைத் துடைத்துப் பார்த்தேன். அதே நம்பர். மர வியாபாரியிடம் டிரைவராக இருந்தபோது அப்பா ஓட்டின வண்டி. அம்மாவிடம் சொன்னேன். "அது இன்னும் சாகலையா?" என்றாள். அவ்வளவுதான்.

நான் பிறப்பதற்குள் வண்டி கைமாறிவிட்டது. நீதான் அதில் ஏறியிருக்கிறாய்.

தொழிற்சாலையிலிருந்து எந்த நிறத்தில் வெளியே வந்ததோ அதே நிறம் வேண்டும் என்கிறார் டாக்டர். "அழகா இருக்கணும்னு இல்லம்மா, சரியா இருக்கணும்" என்றார். இப்போது வண்டி கருப்பு. கருப்புக்கு அடியில் வெள்ளை. வெள்ளைக்கு அடியில் காவிச் சிவப்பு. அதற்கும் அடியில் என்ன என்று கண்டுபிடிப்பது என் வேலை. வழக்கமாக இன்ஜின் அறைக்குள் ஒரு சின்னத் தகட்டில் நிறத்தின் எண்ணைப் பொறித்திருப்பார்கள். இதில் தகடு இல்லை. அது இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன.

அம்மாவுக்கு ஞாபகம் இருக்குமா என்று கேட்டேன். "ஏதோ ஒரு கலர்ல இருந்துச்சு" என்றாள்.

உன்னைக் கேட்கலாமா கூடாதா என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன். இப்படிக் கேட்டாலே கேட்ட மாதிரிதான். ஞாபகம் இருந்தால் எழுது. இல்லாவிட்டால் வேறு எதையாவது எழுது.

உன் தங்கை


மார்ச் 11

பாப்பா,

கேட்கலாமா கூடாதான்னு பஸ்ல யோசிச்சியாக்கும். என் தலையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்த டாக்டரே என்கிட்ட தைரியமாப் பேசறார், உனக்கென்ன? தலைக்கு வந்தது முடியோட போச்சு. முடியும் முள்ளு முள்ளா முளைக்க ஆரம்பிச்சிடுச்சு. மாமா தடவிப் பார்த்துட்டு "பாத்திரம் தேய்க்கலாம்"ங்கறார்.

வண்டி நீலம். வெளிர் நீலம். ஸ்கூல்ல இங்க் பேனாவைக் கழுவினா முதல் தண்ணி கருநீலமா வரும், அடுத்த தண்ணி கொஞ்சம் வெளுக்கும், அதுக்கும் அடுத்த தண்ணி இருக்கே, அந்த நீலம். ஞாயித்துக்கிழமை அப்பா வண்டியைக் கழுவுவார். நான் வாளியைக் கவுத்துப் போட்டு அதுமேல நின்னு கதவைத் துடைப்பேன். என் மூஞ்சி அதுல நீலமாத் தெரியும். "மூஞ்சியைப் பார்த்தது போதும், கதவைத் துடை"ம்பார். உள்ளே சீட் எல்லாம் சிவப்பு.

இது எனக்கு நிச்சயமாத் தெரியும்னு எழுதிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஏன்னா சிக்கலே அங்கதான். போன மாசம் அடுப்பை அணைச்சுட்டேன்னு நிச்சயமாச் சொன்னேன். அணைக்கல. எதிர்வீட்டு டீச்சர் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு நிச்சயமாச் சொன்னேன். அந்தப் பொண்ணே வந்து "எப்போ ஆன்ட்டி, யாரோட?"ங்கறா. மறந்துபோனா பரவாயில்ல பாப்பா. மறந்தது மறந்ததுன்னு தெரியும், யாரையாவது கேட்டுக்கலாம். நடக்காதது நடந்த மாதிரி பளிச்சுனு தெரியுதே, அதுக்கு என்ன பண்றது?

மருந்துக்கடை முதலாளி வந்து பார்த்துட்டுப் போனார். என் இடத்துல இன்னும் யாரையும் போடல. "உங்களுக்கே நம்பிக்கை வர்றப்போ வாங்க"ன்னார். நல்ல மனுஷன். ஆனா அது மருந்துக்கடை. மளிகைக் கடையில சர்க்கரைக்குப் பதிலா உப்பைக் கட்டிக் கொடுத்தா திட்டு வாங்கிக்கலாம். இங்க பேர்ல ஒரு எழுத்து மாறின மாத்திரையைக் கொடுத்தா திட்டறதுக்கே ஆள் இருக்காது.

அதனால ஒண்ணு செய். பழைய ஞாபகம் எதுவும் கெட்டிருக்காதுன்னு டாக்டர் சொல்றார். அது நிஜமான்னு பார்க்க எனக்கு வழியே இல்ல. அப்பா இல்ல. அம்மா கதை தெரிஞ்சதுதான். இப்போ நீ இருக்கே, நிறம் அளக்கற உன் மெஷின் இருக்கு. சுரண்டிப் பார்த்து என்ன நிறம்னு எழுது. நீலம்னா நான் கடைக்குப் போறேன். இல்லைன்னா போகல.

ஆறுதலுக்குச் சொல்லாதே. நீ பொய் எழுதினா கையெழுத்து சாய்ஞ்சு போகும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கறேன்.

அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

எப்படிப் பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளியே தெரியும் இடங்களில் வெயிலும் பாலிஷும் நிறத்தைத் தின்றிருக்கும். அதனால் வெயில் படாத இடமாகத் தேட வேண்டும். மறைவான இடம் பொய் சொல்லாது என்பது எங்கள் பட்டறையில் எல்லோரும் சொல்லும் விதி. பின் கண்ணாடியின் ரப்பரைக் கழற்றி அதன் அடியில் பார்த்தேன். மல்லாந்து படுத்து, மீட்டர் பலகைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். கதவில் ஓர் இடத்தைத் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன்; கருப்பு, வெள்ளை, காவிச் சிவப்பு என்று வட்டம் வட்டமாக விரிந்து நடுவில் கடைசி நிறம் வந்தது. பின்சீட்டுக்கு அடியில், கார்பெட்டுக்குக் கீழே, பெட்ரோல் டாங்கைத் திறக்க உள்ளங்கை அளவு இரும்பு மூடி ஒன்று இருக்கிறது. அதன் மேல் யாரும் மறுபடி பெயின்ட் அடித்ததே இல்லை. அதைக் கழற்றி வந்து நிறம் அளக்கும் மெஷினில் வைத்தேன்.

வண்டி செய்த வருடம் அந்தத் தொழிற்சாலையில் வெளிர் நிறங்கள் இரண்டுதான். ஒன்று நீலம், ஒன்று பச்சை. இரண்டின் கலவைக் குறிப்பையும் பெயின்ட் கம்பெனியில் கேட்டு வாங்கினேன். இரண்டையும் கலந்து அட்டையில் அடித்தேன். மூடியின் பக்கத்தில் வைத்து டியூப்லைட்டில் பார்த்தேன். வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

அக்கா, பச்சை.

நாலு இடத்திலும் பச்சை. மெஷின் காட்டியதில் எங்கள் பச்சை அட்டையைவிட மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. வயதாகிவிட்டதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீலத்துக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

நீலம் என்று எழுதிவிட்டால் என்ன என்று நினைக்காமல் இல்லை. அப்படி ஒரு கடிதம் எழுதி, கிழித்தும் போட்டேன். அதை நம்பி நீ போய் கவுன்டரில் நிற்பாய். உன்னிடம் நான் சொல்லும் பொய்யை வேறு யாரோ தண்ணீர் ஊற்றி விழுங்குவார்கள்.

அப்பா வேறு ஒரு வண்டியும் ஓட்டியிருக்கலாம். குழந்தையாக இருந்தபோது பார்த்தது, யாருக்கும் வரக்கூடிய தப்புதான். இந்த ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யாதே.

தங்கை


ஏப்ரல் 6

பாப்பா,

கடிதம் வந்தது. எழுத்து நேரா இருந்துச்சு.

அப்பா வேற வண்டி ஓட்டல. அதுவும் எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆனா என் நிச்சயத்தை இனிமே பழைய பேப்பர்காரன்கூட எடுத்துக்க மாட்டான்.

கடைக்குப் போய் வேற ஆளைப் போட்டுக்கோங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். முதலாளி உட்காரச் சொன்னார். உட்காரல. வீட்டுச் சாவியை மாமாகிட்ட கொடுத்துட்டேன். பூட்டினேனா இல்லையான்னு பாதி வழியிலேர்ந்து திரும்பி வர வேண்டியதில்ல.

உன்மேல கோபமில்லன்னு எழுதினா அது பொய். உண்மையைச் சொல்லுன்னு நான்தான் கேட்டேன், நீ சொன்னே. சரி. கடைசியில "யாருக்கும் வரக்கூடிய தப்புதான்"னு ஒண்ணு எழுதியிருக்கே பாரு, அதுதான் தாங்கல. பெயிலான பிள்ளை கையில மிட்டாயைத் திணிக்கிற மாதிரி. நம்ம வீட்டோட முதல் பட்டம் நீ. மெஷினும் உன் பக்கம். இருக்கட்டும். இனிமே என்னை எதுவும் ஞாபகம் இருக்கான்னு கேட்காதே.

எழுதறதை நிறுத்திக்கறேன்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

நீ எழுத வேண்டாம். நான் எழுதுவது உன் கைக்கு வந்ததா என்று மட்டும் மாமாவிடம் சொல்லி அனுப்பு.

வண்டிக்குப் பச்சை அடித்தாகிவிட்டது. ஸ்ப்ரே அடிக்கும் அண்ணன் கண்ணாடி போல அடித்திருக்கிறார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் உப்புத்தாள் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டேன்.

நீ பகலில் படுத்தே இருக்கிறாய், ஜன்னல்கூடத் திறப்பதில்லை என்று மாமா சொல்கிறார். அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டதற்கு வருத்தப்படுகிறேன். மிட்டாய் இல்லை, வருத்தம்தான்.

தங்கை


ஜூன் 2

அக்கா,

பதில் எழுதாவிட்டாலும் இதைக் கடைசி வரை படி. மாமாவைப் படித்துக் காட்டச் சொல்லாதே, நீயே படி.

அந்தப் பெட்ரோல் டாங்க் மூடியை அளந்து முடித்த பிறகு என் மேஜைப் பக்கத்து ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். மத்தியானத்துக்கு மேல் அங்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். அதன் மேல் ஒரு டேப் உருளையை வைத்துவிட்டு மறந்துபோனேன். நேற்று டேப் தேவைப்பட்டது. உருளையைத் தூக்கினால் அடியில் வளையல் போல ஒரு பச்சை வட்டம். மூடியின் மற்ற இடமெல்லாம் நீலம்.

யாரோ மூடியை மாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தக் காலத்து பெயின்டில் எண்ணெய் உண்டு. இருட்டிலேயே கிடந்தால் அந்த எண்ணெய் வருடத்துக்கு வருடம் மஞ்சளாகும். வெயில் பட்டால் அந்த மஞ்சள் வெளுத்துவிடும். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் என்ன ஆகும் என்று பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கல்லூரிப் பரீட்சையில் எண்ணெய் மஞ்சளாவதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவள் நான். நாலு இடத்திலும் பச்சை என்று உனக்கு எழுதினேன் அல்லவா? ரப்பருக்கு அடியில், மீட்டருக்குப் பின்னால், கார்பெட்டுக்குக் கீழே, வேறு மூன்று பெயின்டுக்கு அடியில். நாலும் இருட்டு.

வெயிலில் பச்சைதான் வெளுத்து நீலமாகிவிட்டதோ என்றும் சந்தேகப்பட்டேன். மூடியை மெஷினில் வைத்தேன். வெளிர் நீலக் குறிப்போடு அப்படியே பொருந்தியது. தூக்கலாக இருந்த மஞ்சள்கூட இல்லை.

எங்கள் முதலாளியிடம் சொல்லப் போனேன். பட்டறையில் நான் சத்தமாகப் பேசினதே கிடையாது. பக்கத்தில் கம்ப்ரெஸர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"சார், வண்டி நீலம்."

"எந்த வண்டிம்மா?"

"பச்சை வண்டி, சார்."

அவர் கம்ப்ரெஸரை நிறுத்தச் சொன்னார். மூடியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இரும்புல பச்சோந்தி வளர்க்கறியா?" என்றார். ஸ்ப்ரே அண்ணன் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வந்தார். "நல்லா இருக்கும்மா. கல்யாணம் முடிஞ்சு, பந்தலையும் பிரிச்ச பிறகு பொண்ணு மாறிப்போச்சுன்னு சொல்றே" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி, "இது நமக்குள்ள இருக்கட்டுமே, அவருக்கு எப்படித் தெரியப்போகுது?" என்றார்.

டாக்டரிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

டாக்டர் சாயங்காலம் வந்தார். மூடியை வாசல் வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சொத்தைப் பல்லுக்கு மேல வெள்ளையாப் பூசி அனுப்பினா என்னை யாராவது டாக்டர்னு சொல்லுவாங்களா? திரும்ப அடிங்க" என்றார். தேய்த்து எடுக்கும் வேலையில் பாதி என் தலையில். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வர வேண்டும்.

அது எப்படியோ போகட்டும். வண்டி நீலம்தான், அக்கா. நீ சொன்னது சரி. கடைக்குப் போ.

தங்கை


ஜூன் 9

பாப்பா,

நீயேதான் படின்னியே, படிச்சேன். ரெண்டு தடவை.

முதல்ல நீலம்னு நான் சொன்னேன். இல்ல, பச்சைன்னு மெஷின் சொல்லுச்சு. நான் படுத்துட்டேன்னு மாமா உன்கிட்ட சொன்னார். உடனே நீலமா மாறிடுச்சு. எனக்கு ஞாபகம்தான் போச்சு, கணக்குப் போடற புத்தி போகல.

கையெழுத்து இந்தத் தடவை சாய்ஞ்சுதான் இருக்கு.

நீ நல்லதுக்குத்தான் செய்யறே. ஆனா மருந்துக்கடையை வச்சு விளையாடாதே.

அக்கா


ஜூன் 14

அக்கா,

கையெழுத்து சாய்ந்திருந்தது பஸ்ஸில் எழுதியதால்.

இதோடு ஒரு தகடு அனுப்பியிருக்கிறேன். மீட்டர் பலகைக்குப் பின்னால் இருட்டில் ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு; நாங்கள் அடித்த பச்சை இதில் படவில்லை. டாக்டரிடம் கேட்டுத்தான் எடுத்தேன், திருப்பிக் கொடுக்க வேண்டும். கருப்புத் துணியில் சுற்றியிருக்கிறேன். இன்னும் பச்சையாகத்தான் இருக்கிறது. பாதியை மூடி வெயிலில் வை. எதை வைத்து மூடுவது, எங்கே வைப்பது, எத்தனை நாள் என்பதெல்லாம் உன் இஷ்டம். நான் வரமாட்டேன், போனும் செய்யமாட்டேன்.

இன்னொன்றையும் சொல்கிறேன். ஆறுதல் சொல்ல வந்தவள் இதைச் சொல்லமாட்டாள். சீட் சிவப்பு இல்லை. மேலே போட்டிருந்த உறைகளை எல்லாம் கிழித்தாகிவிட்டது. அடியில் முதல் உறை பழுப்பு. வெயிலே படாத தையல் மடிப்பிலும், வெயில் பட்ட முதுகுப் பக்கத்திலும் ஒரே பழுப்பு. இந்தத் தடவை இரண்டு இடத்தையும் பார்த்தேன். அதில் உன் ஞாபகம் தப்பு.

தங்கை


ஜூலை 12

பாப்பா,

உன் தகடு நாலஞ்சு நாள் துணியோடவே கிடந்துச்சு. மாமாதான், "வெயில்ல வச்சா வாடகையா கேக்குது?"ன்னார். மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒரு பட்டையை எடுத்துப் பாதியில ஒட்டினேன். ஒட்டின ஓரத்துல, பாதி பிளாஸ்திரியிலயும் பாதி இரும்புலயும் வர்ற மாதிரி கையெழுத்துப் போட்டேன். நீயும் மாமாவும் கூட்டுச் சேர்ந்து தகட்டை மாத்தினாலும் மாத்துவீங்க.

அதை வைக்கறதுக்காக ஜன்னலைத் திறக்க வேண்டியதாப் போச்சு. தினமும் காலையில போய்ப் பார்ப்பேன். ஒண்ணும் இருக்காது. "பார்த்தீங்களா?"ன்னு மாமாகிட்ட காட்டுவேன். ஏதோ நான் ஜெயிச்ச மாதிரி. அப்புறம் மூட்டமாவே இருந்துச்சு, அப்புறம் நல்லா வெயில் அடிச்சுது. போன வாரம் பிளாஸ்திரியை உரிச்சேன். நடுவுல ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருந்துச்சு. இந்தப் பக்கம் நீ சொன்ன பச்சை. அந்தப் பக்கம் பேனா கழுவின தண்ணி.

மாமா பின்னாடி வந்து நின்னு, அந்தக் கோட்டை விரலால தடவிப் பார்த்தார்.

ஆனா சீட் எனக்கு இன்னமும் சிவப்பாத்தான் இருக்கு. நீலம் எவ்வளவு பளிச்சுனு தெரியுதோ அவ்வளவு பளிச்சுனு சிவப்பும் தெரியுது. ஒண்ணு நிஜம், ஒண்ணு இல்ல. உள்ளேயிருந்து பார்த்தா ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அதை நினைச்சுத்தான் பயந்துட்டே இருந்தேன். அப்புறம் மாமாவைக் கேட்டேன், நம்ம கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் நீங்க என்ன சட்டை போட்டிருந்தீங்கன்னு. "வெள்ளை. இதுல என்ன சந்தேகம்?"னு அடிச்சுச் சொன்னார். ஆல்பத்தை எடுத்துக் காட்டினேன். நீலக் கோடு போட்ட சட்டை. அவர் தலையை யாரும் திறந்ததில்ல.

அன்னிக்குச் சாயங்காலமே கடைக்குப் போனேன். நீ சொன்னேங்கறதுக்காகப் போகல. முதலாளிகிட்ட ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். நான் எந்த மருந்தை எடுத்தாலும், டாக்டர் சீட்டுல இருக்கறதையும் மாத்திரை அட்டையில இருக்கறதையும் சத்தமாப் படிப்பேன், பக்கத்துல இருக்கறவங்க காது கொடுத்துக் கேட்கணும். "இங்க எல்லாருமே அப்படித்தான் செய்யணும், யார் செய்யறாங்க?"ன்னார். இப்போ எல்லாரும் செய்யறாங்க. கடை ஸ்கூல் மாதிரி இருக்கு. பில் போடற பொண்ணுக்கு என்மேல கடுப்பு.

தகட்டைத் தனியாக் கட்டி அனுப்பறேன். டாக்டர்கிட்ட கொடுத்துடு, பிளாஸ்திரிப் பசையைத் துடைச்சிட்டேன்.

இதைக் கவுன்டர்ல உட்கார்ந்துதான் எழுதறேன். ஒரு அம்மா ரெண்டு சீட்டோட வந்து நிக்கறாங்க. முதல் மருந்து எந்தத் தட்டுல இருக்குன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். எடுத்துட்டு, பேரைப் படிச்சுப் பார்த்துக்கறேன்.

அக்கா